தண்ணீர் மீட்டரும் மாதச் சந்தாவும்: அமெரிக்காவில் ஒரு கார் வாஷ் கைமாறும் கணக்கு

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிரிவன் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம், அமெரிக்காவில் தன்னிடமிருந்த ‘டேக் 5’ கார் வாஷ் தொழிலை விஸில் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. விலை 38.5 கோடி டாலர். அதில் ரொக்கம் 25.5 கோடிதான். மீதி 13 கோடியை விற்றவரே கடனாக விட்டுவைத்துப் பத்திரம் வாங்கிக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பாக்கிப் பணத்துக்குப் புரோநோட்டு. இதே நிறுவனம் 2020-இல் இன்டர்நேஷனல் கார் வாஷ் குரூப்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் ஆர்வத்தோடு வந்தது. 2023-இன் மூன்றாம் காலாண்டுக்குள், கார் வாஷ் பிரிவின் பெயரில் கணக்கேட்டில் ஏற்றியிருந்த குட்வில்லில், அதாவது நற்பெயருக்கும் வாடிக்கைக்குமான மதிப்பில், சுமார் 85 கோடி டாலரை அழித்தெழுத வேண்டிய நிலை வந்தது.

இந்த மூன்று ஆண்டுகளில் அந்த நிலங்கள் இடம் பெயரவில்லை. இயந்திரங்கள் அதேபோல் சுழன்றன. கார்கள் அழுக்காவதும் நிற்கவில்லை. அப்படியிருக்க 85 கோடி டாலருக்கு இருந்தது என்ன, இல்லாமல் போனது என்ன?

கார் வாஷ் ஒன்றை வாங்குகிறவர் நான்கு பொருள்களை ஒரே பொட்டலமாக வாங்குகிறார்: நிலம், இயந்திரம், அரசு அனுமதிகள், அந்த வழியாகப் போகிறவர்களின் பழக்கம். முதல் மூன்றுக்கும் விசாரித்து விலை சொல்லிவிடலாம். நான்காவதுதான் சிக்கல். கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்க முதலீட்டாளர்கள் செய்த பிழை, பழக்கத்துக்கு நிலத்தின் விலையைக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். நிலம் அசையாச் சொத்து. பழக்கமோ, எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு கடை திறந்த அன்றே எழுந்து நடந்துவிடும்.

*

கார் வாஷ் என்ற ஒரே பெயரில் அங்கே விற்பனைக்கு வருபவை உண்மையில் மூன்று வேறு தொழில்கள். முதலாவது சுயசேவை. கூரையும் பக்கச் சுவர்களும் கொண்ட திறந்த அறைகளில் வாடிக்கையாளரே காசு போட்டு, அழுத்த நீர்த் துப்பாக்கியைப் பிடித்துக் கழுவிக்கொள்வார். இரண்டாவதில் கார் ஓரிடத்தில் நிற்கும், இயந்திரம் அதன்மேல் முன்னும் பின்னும் நகரும். பெட்ரோல் பங்குகளை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. மூன்றாவது டனல். நூறடி, அதற்கு மேலும் நீளமுள்ள கூடத்துக்குள் கன்வேயர் காரை இழுத்துச் செல்லும். நுரை, துணிப் பட்டைகள், அலசல், காற்றூதி எல்லாம் வரிசையாகக் கடந்து சில நிமிடங்களில் கார் வெளியே வந்துவிடும். டனலிலும் ஆட்கள் உள்ளே புகுந்து துடைத்துத் தரும் பழைய முழுச்சேவைக் கடைகள் உண்டு. வெளிப்புறம் மட்டும் கழுவி, வாக்குவம் குழாயை இலவசமாக விட்டுவிடும் ‘எக்ஸ்பிரஸ்’ கடைகளும் உண்டு.

நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடையில் நான்கு இளைஞர்களின் கைவேலைதான் முதல். எக்ஸ்பிரஸ் டனலை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் நடத்திவிடலாம். ஆள் குறைவு, வேகம் அதிகம் என்பதால் பெரும்பணம் பாய்ந்தது இந்த வகைக்குள்தான். இனி டனல் என்று நான் சொல்வதெல்லாம் இதையே.

விலை பேசும் முன் ஒரே ஒரு எண்ணில் தெளிவு வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை கார்? விற்பவர் அதற்கு ஒரு கணினி அறிக்கை தருவார். டனலை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாக ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். பணம் வாங்கும் கியாஸ்கில் இன்னொன்று இருக்கும். மூன்றும் ஒத்துப்போவது நல்லதுதான். ஆனால் மூன்றும் விற்பவரின் கையிலிருந்து வருபவை. அவர் கை படாத சாட்சி ஒன்று உண்டு. அது நகராட்சியின் தண்ணீர் பில்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விற்பவர் ஆண்டுக்கு 1,20,000 கார் என்கிறார். இயந்திரத்தின் அமைப்பைப் பார்த்தால் ஒரு காருக்கு 30 காலன், அதாவது ஏறத்தாழ 113 லிட்டர் புதுத் தண்ணீர் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36 லட்சம் காலன். அமெரிக்காவில் பல ஊர்களில் தண்ணீர் பில்லின் யூனிட் 100 கன அடி. அது 748 காலன். ஆகவே பில்களைக் கூட்டினால் சுமார் 4,800 யூனிட் வர வேண்டும். 2,400 தான் வருகிறது என்றால் விளக்கம் இரண்டில் ஒன்று. கழுவிய நீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது, அல்லது கார்கள் பாதிதான். மறுசுழற்சித் தொட்டியைத் திறந்து பார்த்தால் எது உண்மை என்பது தெரிந்துவிடும். கலிபோர்னியாவில் 2014-க்குப் பிறகு அனுமதி பெற்றுக் கட்டிய டனல்களும் தானியங்கிக் கடைகளும் குறைந்தது 60 சதவீத நீரை மறுபயன்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். அங்கே இந்தக் கணக்கையே வேறு விதமாகப் போட வேண்டும்.

மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பனி கொட்டும் மாநிலங்களில் சுயசேவைக் கடைகளின் துப்பாக்கிகள் உறைந்து வெடிக்காமலிருக்க, இரவு முழுதும் அவற்றில் தண்ணீரை மெல்லக் கசியவிடுவார்கள். ஜனவரி பில் உயர்ந்திருக்கும், கார் ஒன்றுகூட வந்திருக்காது. வாசல் புல்தரைக்குப் பாய்ச்சும் நீரும் சில இடங்களில் அதே மீட்டரில்தான் ஓடும். அதனால் தண்ணீரோடு மின்சாரத்தையும், கெமிக்கல் வாங்கிய ரசீதுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காற்றூதிகளின் மோட்டார்கள் மின்சாரத்தை அள்ளிக் குடிப்பவை. கார் வராத நாளில் அவை ஓடா. ஷாம்பு பீப்பாய் ஒன்று எத்தனை காருக்கு வரும் என்பதைக் கெமிக்கல் சப்ளை செய்பவரே சொல்லிவிடுவார். தண்ணீர், மின்சாரம், சோப்பு மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அந்த எண்ணை நம்பலாம்.

இந்த வேலையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் நான்காம் பருவத்தில் ஸ்கைலர் என்ற பெண், ஆல்புகர்க்கியில் உள்ள கார் வாஷ் ஒன்றை வாங்க முடிவு செய்கிறாள். கடைக்கு எதிரே காரில் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறாள். பிறகு முதலாளியிடம் போய் 8,79,000 டாலர் என்று ஒரு தொகையைச் சொல்கிறாள். அவர் மறுக்கவே, கழிவுநீர் மண்ணில் இறங்கிவிட்டதாக அவளும் கூட்டாளிகளும் பொய்யான சோதனை ஒன்றை நடத்தி அவரை மிரட்டிப் பணியவைக்கிறார்கள். கதை குற்றக்கதை. ஆனால் தொழிலின் இரண்டு நரம்புகளை எழுதியவர்கள் சரியாகத் தொட்டிருக்கிறார்கள்: காரை எண்ணினால் விலை தெரியும், மண்ணைப் பற்றிய பயம் விலையை இறக்கும்.

அந்தக் கடையை அவர்கள் வாங்கியது கறுப்புப் பணத்தை வெளுக்க. ரொக்கம் புழங்கும் தொழில் என்பதால், வருமானத்தைக் கூட்டியும் எழுதலாம், குறைத்தும் எழுதலாம். அமெரிக்க வரித்துறை, ரொக்கத் தொழில்களுக்கான தணிக்கை வழிகாட்டியில் கார் வாஷுக்கென்று தனிப்பகுதியே வைத்திருக்கிறது. பழைய சுயசேவைக் கடைகளை விற்பவர்களில் சிலர் குரலைத் தாழ்த்தி, “புத்தகத்தில் காட்டாத பணமும் கொஞ்சம் உண்டு” என்பார்கள். வாங்குகிறவர் அந்தப் பணத்துக்கு ஒரு டாலரும் கொடுக்கக் கூடாது. வரி கட்டாமல் அதன் பலனை விற்பவர் ஒருமுறை அனுபவித்துவிட்டார். அதையே விலையிலும் ஏற்றினால் ஒரே பணத்தை இரண்டு முறை வாங்குகிறார் என்று பொருள். வங்கியும் வரிக் கணக்கில் உள்ள வருமானத்தை வைத்துத்தான் கடன் தரும்.

*

எண்ணிக்கை உறுதியான பிறகு லாபக் கணக்கு. வட்டி, வரி, தேய்மானம் மூன்றையும் கழிக்கும் முன் நிற்கும் லாபத்தை அங்கே எபிட்டா என்கிறார்கள். அதை ஒரு மடங்கால் பெருக்கினால் விலை. குடும்பமாக நடத்தும் சின்னக் கடை மூன்று நான்கு மடங்குக்குப் போகும். நல்ல சாலையில் உள்ள புது டனல் அதைவிட அதிகம் பெறும். சந்தை உச்சத்தில் இருந்தபோது பெரிய சங்கிலிக் கடைகளுக்கு மடங்கு இரட்டை இலக்கத்தைத் தொட்டது.

தேய்மானத்தைக் கழிக்காத கணக்கு ஒரு கார் வாஷுக்குப் பொருந்துமா என்பது என் முதல் சந்தேகம். சாயப்பட்டறை, சலவை ஆலை போல இதுவும் இயந்திரத்தைத் தின்னும் தொழில். ஈரம், உப்பு, அமிலம், காரம் எல்லாம் நாள் முழுதும் இரும்பின்மேல் தெறிக்கின்றன. கன்வேயர் சங்கிலி, உருளைகள், துணிப் பட்டைகள், பம்புகள், ஹைட்ராலிக் குழாய்கள் எதற்கும் ஆயுள் நீளமில்லை. விற்க முடிவு செய்த முதலாளி கடைசி இரண்டு ஆண்டுகளில் புதிதாக எதையும் மாட்டமாட்டார். செலவு குறைந்து எபிட்டா கூடியதுபோல் தெரியும். வாங்கியவர் வந்த ஆறாம் மாதம் சங்கிலி அறும். அந்தச் செலவைப் பெருக்கலுக்கு முன்பே லாபத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். முதலாளியும் அவர் மகனும் சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கும் ஒரு மேனேஜர் சம்பளம் போட வேண்டும்.

வானிலையையும் இதே இடத்தில் பார்க்க வேண்டும். வடக்கு மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு காரின் அடிப்பகுதியை அரிக்கும் என்ற பயத்தில் குளிர்காலம் முடியும் நாள்களில் வரிசை தெருவரை நிற்கும். தெற்கில் வசந்தத்தின் மஞ்சள் மகரந்தத்தூள் அதே வேலையைச் செய்கிறது. பனி அதிகம் பெய்த ஓர் ஆண்டின் லாபத்தை மட்டும் காட்டி விலை கேட்பவரிடம் குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்பது வழக்கம்.

வானிலையை நம்பியிருந்த இந்தத் தொழிலை மாற்றியது மாதச் சந்தா. மாதம் இருபது, முப்பது டாலரைக் கட்டிவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம். கண்ணாடியில் ஒட்டிய சில்லு அல்லது நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா கதவைத் திறந்துவிடும். மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் ஒன்றாம் தேதி கார்டிலிருந்து பணம் வந்துவிடும். அரிசோனாவின் டூசானைத் தலைமையிடமாகக் கொண்ட மிஸ்டர் கார் வாஷ் இதில் முன்னே நிற்கிறது. அதன் சந்தாதாரர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கழுவும் வருமானத்தில் எழுபது சதவீதத்துக்கும் அதிகம் சந்தாவிலிருந்து வருகிறது. மாதாமாதம் வரும் வருமானம் என்றதும் வால் ஸ்ட்ரீட்டுக்கு அது மென்பொருள் நிறுவனத்தின் சந்தாவைப்போலத் தெரிந்தது. 2014-இல் லெனர்ட் கிரீன் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் மிஸ்டரை வாங்கியது. 2021 ஜூனில் பங்கு 15 டாலர் விலையில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024-இல் அது ஏறத்தாழ பாதி விலைக்கு இறங்கியிருந்தது.

சந்தாவை எப்படி மதிப்பிடுவது? மேலே சொன்ன 1,20,000 கார் கடையையே எடுத்துக்கொள்கிறேன். 2,800 சந்தாதாரர்கள், ஆளுக்கு மாதம் 25 டாலர், மாதத்துக்கு மூன்று முறை வருகிறார்கள். ஆண்டுக்கு 8.4 லட்சம் டாலர், 1,00,800 கழுவல். சந்தா இல்லாமல் வரும் 19,200 கார்கள் சராசரி 18.75 டாலர் வீதம் 3.6 லட்சம் தருகின்றன. மொத்தம் 12 லட்சம் டாலர். ஆறில் ஒரு பங்கு கார்கள்கூட இல்லாத இந்த இரண்டாம் கூட்டம் வருமானத்தில் பத்தில் மூன்று பங்கைத் தருவதை வாங்குகிறவர் கவனிக்க வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி. மாதம் எத்தனை பேர் விலகுகிறார்கள்? எட்டு சதவீதம் என்றால் மாதம் 224 பேர் போகிறார்கள், ஒருவர் சராசரியாகப் பன்னிரண்டரை மாதம் தங்குகிறார். நான்கு சதவீதம் என்றால் இருபத்தைந்து மாதம். இப்படிப்பட்ட இரண்டு கடைகளின் மாதச் சந்தா வருமானமும் இன்று 70,000 டாலர்தான், எபிட்டாவும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதல் கடை ஒவ்வொரு மாதமும் 224 புதியவர்களைப் பிடித்தால்தான் நின்ற இடத்தில் நிற்கும். மடங்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விற்பனைக்கு ஆறு மாதம் முன்பு முதல் மாதத்தைச் சொற்பக் கட்டணத்தில் கொடுத்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதும் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, எந்த மாதம் சேர்ந்தவர் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று தொகுதி தொகுதியாகக் கேட்க வேண்டும்.

சந்தா கட்டுகிறவர்களில் வருவதை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். கார்டில் பணம் போவதையே மறந்தவர்கள் அவர்கள். விற்பவர் பட்டியலில் இவர்களே அதிக லாபம் தருபவர்களாகத் தெரிவார்கள். நான் இவர்களை மதிப்பிலிருந்து கழிப்பேன். ஒரே சொடுக்கில் சந்தாவை நிறுத்த வழி வேண்டும் என்று மத்திய வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டத்தை இறுக்கியபடி இருக்கின்றன. மறதியை நம்பி நிற்கும் வருமானத்துக்கு ஏழு மடங்கு விலை கொடுப்பது நியாயமுமில்லை, புத்தியுமில்லை.

*

இவ்வளவு தெரிந்த தொழிலில், படித்த முதலீட்டாளர்கள் எப்படிச் சறுக்கினார்கள்? காரணம் நிலத்தில் இருக்கிறது.

நம் கடையின் எபிட்டா 5 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். நிலமும் கடையும் சேர்த்து ஏழு மடங்குக்கு, 35 லட்சம் டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்குகிறது. மறுநாளே நிலத்தையும் கட்டடத்தையும் வேறொரு நில முதலீட்டாளருக்கு விற்று, அவரிடமே நீண்டகால வாடகைக்கு அமர்கிறது. இதற்குச் சேல்-லீஸ்பேக் என்று பெயர். வாடகை ஆண்டுக்கு 2.5 லட்சம். நில முதலீட்டாளர் 7 சதவீத வருவாய் கிடைத்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார். 2.5 லட்சத்தை 7 சதவீதத்தால் வகுத்தால் 35.7 லட்சம். கொடுத்த பணம் முழுதும் கைக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு 2.5 லட்சம் எபிட்டா தரும் கடை கையில் இலவசமாக நிற்கிறது. அந்தப் பணத்தில் அடுத்த கடையை வாங்கலாம், அல்லது கட்டலாம்.

இதில் மோசடி எதுவுமில்லை. ஒரே வருமானத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பதினான்கு மடங்குக்கு விற்றார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினான்கு மடங்கு எதன்மேல் நின்றது? 2,800 பேரின் பழக்கத்தின்மேல். நிலத்துக்கு வாடகை கிடைப்பதும் அந்தப் பழக்கத்தால்தான். டனலுக்கென்று கட்டிய நீளக் கட்டடத்தை வேறு தொழிலுக்கு மாற்றுவது எளிதல்ல.

இப்போது அரை மைல் தூரத்தில் இன்னொரு டனல் திறக்கிறது. அதைக் கட்டியவரும் இதே கணக்கைப் போட்டவர்தான். நம் கடை ஐந்தில் ஒரு பங்கு கார்களை இழக்கிறது. வருமானத்தில் 2.4 லட்சம் போகிறது. மிச்சமாவது சோப்பும் தண்ணீரும் மட்டும். காருக்கு ஒன்றரை டாலர் என்றால் 24,000 காருக்கு 36,000 டாலர். சம்பளம், காப்பீடு, சொத்து வரி எதுவும் குறையாது. எபிட்டாவில் 2,04,000 கரைந்து 46,000 நிற்கிறது. ஆண்டுக்கு 80,000 டாலர் இயந்திரச் செலவு வருமென்றால் கடை நட்டத்தில் ஓடுகிறது. வாடகையோ ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். நிலம் சொந்தமாக இருந்திருந்தால் அதே அடியைத் தாங்கிக்கொண்டு 2,96,000 எபிட்டாவோடு நின்றிருக்கும்.

2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏறத்தாழப் பூஜ்யத்திலிருந்து ஐந்தே கால் சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. நில முதலீட்டாளர்கள் கூடுதல் வருவாய் கேட்கத் தொடங்கினார்கள். புது டனல்களோ முன்பே தொடங்கிய திட்டங்களாகத் திறந்துகொண்டே இருந்தன. டெக்சாஸின் பிளேனோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிப்ஸ் கார் வாஷ், இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் 260 அளவிலான கடைகளோடு, சுமார் 65 கோடி டாலர் கடனைச் சுமந்தபடி, 2025 பிப்ரவரியில் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ் நீதிமன்றம் போனது. தாங்க முடியாத வாடகை ஒப்பந்தங்களிலிருந்து விடுபடுவது அந்த வழக்கின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

வரிச் சட்டமும் இந்த வேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அமெரிக்க வரித்துறையின் பழைய வகைப்பாடு ஒன்றில், வணிகக் கட்டடங்களுக்கு உரிய 39 ஆண்டுத் தேய்மானத்திலிருந்து கார் வாஷ் கட்டடத்துக்கு விலக்கு உண்டு. பெட்ரோல் பங்கோடு சேர்த்து அதை 15 ஆண்டுப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். 2017-இன் வரிச் சட்டம், குறைந்த ஆயுள் கொண்ட இப்படிப்பட்ட சொத்துகளின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள்ள அனுமதித்தது. பழைய கடையை விலைக்கு வாங்கினாலும் சலுகை உண்டு. கட்டடம், இயந்திரம் எல்லாம் முதல் ஆண்டுக் கழிவு, நிலம் மட்டும் இல்லை. மற்ற வருமானத்தின் வரியைக் குறைக்க வழி தேடியவர்கள் இங்கே வந்து குவிந்தார்கள். சலுகை 2023-இல் 80 சதவீதம், 2024-இல் 60 எனக் குறைந்து வந்தது. 2025 ஜூலைச் சட்டம் அவ்வாண்டு ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கும் சொத்துகளுக்கு மறுபடி முழுச் சலுகை தந்துவிட்டது. சலுகையால் வரும் பணம் வாங்குகிறவரின் வரி நிலையைப் பொறுத்தது, கடையின் மதிப்பு அல்ல. விற்பவர் அதையும் விலையில் சேர்த்துக் கேட்பார். தரக் கூடாது.

ஆனால் பேரத்தில் இதே சட்டம் வேறொரு முனையில் உரசுகிறது. மொத்த விலையை நிலம், இயந்திரம், குட்வில் என்று பங்கிட்டு, இருதரப்பும் 8594 என்ற படிவத்தில் எழுதி வரித்துறைக்குத் தர வேண்டும். வாங்குகிறவர் இயந்திரத்தின் பங்கைக் கூட்டுவார், அவருக்கு உடனடிக் கழிவு. விற்பவர் குட்வில்லின் பங்கைக் கூட்டுவார், அவருக்குக் குறைந்த வரி. ஒரே விலைக்கு இருவரும் சம்மதித்த பிறகும் இந்தப் பங்கீட்டில் பேரம் முறிந்துபோவதுண்டு.

*

ஸ்கைலர் பயமுறுத்திய மண் விஷயத்துக்கு வருகிறேன். அது வெறும் மிரட்டல் அல்ல. பல கார் வாஷ்கள் பழைய பெட்ரோல் பங்கு இருந்த மனையில் நிற்கின்றன. 1980-இன் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, நச்சுக் கழிவைக் கொட்டியது யாராக இருந்தாலும் இன்றைய நில உரிமையாளரிடமே சுத்தம் செய்யும் செலவைக் கேட்கலாம். பெட்ரோலியப் பொருள்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் கசியும் நிலத்தடித் தொட்டிகளை மாநிலச் சட்டங்கள் விடுவதில்லை. 2002-இல் வந்த திருத்தம், வாங்கும் முன் முறைப்படி விசாரித்தவருக்குப் பாதுகாப்பு தந்தது. அந்த விசாரணைக்குப் பேஸ் ஒன் அறிக்கை என்று பெயர். பழைய வரைபடங்கள், விமானப் படங்கள், அரசுக் கோப்புகள் எல்லாவற்றையும் புரட்டி அந்த மனையில் முன்பு என்ன இருந்தது என்று எழுதுவார்கள். பக்கத்தில் உலர்சலவைக் கடை இருந்ததா என்பதையும் பார்ப்பார்கள். அதன் கரைப்பான் நிலத்தடி நீரோடு எல்லை தாண்டி வரும். மணல் தொட்டியும் எண்ணெய் பிரிப்பானும் எங்கே வடிகின்றன என்பதையும் நேரில் பார்க்க வேண்டும். சாக்கடையில் சேராமல் மண்ணுக்குள் இறங்கும் குழியில் வடிந்தால், அந்தக் கடையை எந்த மடங்காலும் பெருக்க வேண்டியதில்லை.

மண்ணைப் போலவே தொழிலாளிக்குத் தர வேண்டிய கடனும் கடையோடு ஒட்டிக்கொண்டு வரும். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பெரும்பாலும் குடியேறிகளான கார் வாஷ் தொழிலாளர்கள், சம்பளம் இல்லாமல் டிப்ஸுக்கு மட்டும் வேலை செய்த காலம் இருந்தது. அவர்கள் போராட்டத்தின் விளைவாக, கலிபோர்னியாவில் ஆட்களை வைத்துக் கழுவும் கார் வாஷ்கள் தொழிலாளர் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொழிற்சங்க ஒப்பந்தம் இல்லாத கடை 1,50,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரம் கட்ட வேண்டும். பழைய முதலாளி கொடுக்காமல் விட்ட கூலிக்குத் தொழிலை ஏற்ற புதியவரும் பொறுப்பு என்று அம்மாநிலத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. கடையை மதிப்பிடும் கணக்கில் அந்தக் கூலிக்கும் ஓர் இடம் இருப்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. குறைந்த சம்பளச் செலவால் பெருகிய எபிட்டா யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று வாங்குகிறவர் கேட்டாக வேண்டிய கட்டாயத்தை அந்தச் சட்டம் உண்டாக்கியது.

விற்பவர் நாளை எதிர்ச்சாரியில் புதுக் கடை போட்டால் என்ன செய்வது? போட்டித் தடை ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாது என்று சொல்லும் கலிபோர்னியாகூட, தொழிலை விற்பவர் எழுதித்தரும் தடையை ஏற்கிறது. நம் ஊரில் ஓடுகிற கடையைப் பகடி கொடுத்து வாங்கும்போது வாய்வார்த்தையாக நிற்கும் இந்த வாக்குறுதியை அங்கே மைல் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் அது விற்றவரைத்தான் கட்டும். மூன்றாவது ஆள் ஒருவர் அரை மைலில் நிலம் வாங்குவதை எந்தப் பத்திரமும் தடுக்காது. அதனால் ஊர்த் திட்ட அலுவலகத்துக்குப் போய், சுற்றுவட்டாரத்தில் கார் வாஷுக்கு யாராவது அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது, மூன்று ஆண்டு வரவு செலவைப் படிப்பதற்குச் சமமான வேலை. சில நகரங்கள் புதிய கார் வாஷ்களுக்குத் தற்காலிகத் தடை போட்டிருக்கின்றன. அங்கே ஏற்கெனவே உள்ள அனுமதிக்கே தனி விலை வந்துவிட்டது.

விற்பவரின் புரோநோட்டை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன். விலையில் ஒரு பங்கைக் கடனாக விட்டுவைக்கச் சம்மதிக்கும் முதலாளி, தான் சொன்ன எண்களைத் தானே நம்புகிறார். முழுவதும் ரொக்கம், இந்த வாரமே என்று அவசரப்படுகிறவரிடம் காரணம் கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் காரணம் திட்ட அலுவலகத்தில் ஒரு கோப்பாக இருக்கும்.

எல்லாம் ஒத்துவந்தால் ஒப்படைக்கும் நாள் வரும். ஏற்கெனவே விற்ற பரிசு அட்டைகள், முன்பணம் கட்டிய கூப்பன்கள் எவ்வளவு பாக்கி என்று எண்ணி விலையில் கழிப்பார்கள். அவற்றுக்கான காரை இனிக் கழுவித் தரப்போவது புதியவர். சந்தாதாரர்களின் கார்டு விவரங்கள் பணம் வசூலிக்கும் நிறுவனத்திடம் குறியீடுகளாக இருக்கும். அவை புதியவரின் கணக்குக்கு மாறாவிட்டால் 2,800 பேரையும் மறுபடி ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டிவரும், பாதிப்பேர் திரும்பமாட்டார்கள். அதை வக்கீலின் பத்திரத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். மாலையில் கடையை அடைத்து, கன்வேயரை நிறுத்தி, பம்பு அறையின் சாவிகளை விற்றவர் வாங்கியவரிடம் தருவார். பிறகு இருவரும் வாசலுக்குப் போய், நடைபாதையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து தண்ணீர் மீட்டரின் எண்ணைப் படித்து இரண்டு தாள்களிலும் குறித்துக்கொள்வார்கள். அதுவரை ஓடிய தண்ணீர் பழையவர் கணக்கில், அதற்கு மேல் ஓடுவது புதியவர் கணக்கில்.